நிமிர்குழலா, புகைபோக்கியா? லான்மாஸ்டரின் புகைக்குழாய்க்கு ஒரு சொல்

கோண்டாவிலிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். லான்மாஸ்டர், பழைய கூபோட்டா போன்ற இருசில்லு உழவு இயந்திரங்களைத் திருத்துவோருக்கான கைநூலுக்குப் படங்கள் வரைந்தாயிற்று. எஞ்சினிலிருந்து செங்குத்தாக எழுந்து, புகையை ஆளின் தலைக்கு மேலே விடுகிற குழாய்க்கு மட்டும் பெயர் எழுதாமல் இடம் விட்டிருக்கிறேன். கராஜ்களில் அதுவும் சைலன்சர்தான், அதன் நடுவில் வரும் சத்தம் குறைக்கும் உருளையும் சைலன்சர்தான். படத்தைப் பார்த்து வீட்டிலேயே செய்யப் போகிறவர் எதை வெட்டுவது, எதை வாங்குவது என்று குழம்பக் கூடாது. ‘புகைபோக்கி’ என்று போடலாமா?

சாவகச்சேரியிலிருந்து:

தம்பி, புகைபோக்கி வேண்டாம். அது குசினிக்கும் செங்கற்சூளைக்கும் உரியது. அங்கே சூடான காற்று தானாக மேலே ஏறுகிறது. உயரம் கூடினால் இழுவையும் கூடும். எஞ்சினில் புகையைத் தள்ளுவது பிஸ்டன். இங்கே உயரத்தைக் கூட்டினால் உராய்வும் பாரமும்தான் கூடும். புகைபோக்கி என்று எழுதிப்பாருங்கள், உயர்த்த உயர்த்த நல்லது என்று நினைத்து ஆறடிக் குழாயை நட்டுவிடுவார்கள்.

பாரம் சின்ன விசயம் இல்லை. இரும்புக்கடையில் கேட்டதும் கிடைப்பது 1¼ அங்குலத் தண்ணீர் பைப். அதன் வெளிவிட்டம் 42.4 மி.மீ., சுவர் 3.2 மி.மீ., ஒரு மீற்றர் 3 கிலோவைத் தாண்டும். 38 மி.மீ. வெளிவிட்டமும் 1.6 மி.மீ. சுவரும் கொண்ட டியூப் என்றால் மீற்றருக்கு 1.4 கிலோதான். ஒற்றைச் சிலிண்டர் குலுக்குகிற குலுக்கில் இந்தப் பாரமெல்லாம் அடியில் உள்ள பிளாஞ்சில்தான், அதாவது குழாயை எஞ்சினோடு பூட்டும் தகட்டில்தான், போய் விழும். வெடிப்பு வருவது பெரும்பாலும் வெல்டிங்கிலேயே அல்ல, அதன் ஓரத்தில், குழாய்ச் சுவரில். அதை மேலே மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் புதிதாக வெடிக்கும்.

நாகம் (துத்தநாகம்) பூசிய பைப்பையும் தவிர்க்கச் சொல்லி எழுதுங்கள். வெல்டிங் செய்யும்போது வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் பிடிக்கும்.

உரும்பிராயிலிருந்து:

அண்ணை சொல்வது சரி. வேலை செய்யும் விதம் வேறென்றால் பெயரும் வேறாக இருக்கட்டும். ‘நிமிர்குழல்’ என்று வைக்கலாம். நிமிர்ந்து நிற்பது என்பது பெயரிலேயே தெரிகிறது. சத்தம் குறைப்பதாக அது எந்த வாக்கும் கொடுக்கவில்லை. துவக்குக்குழல் என்ற வழக்கு இருப்பதால், உள்ளே வெறுமையான நேர்க்குழாய் என்ற பொருளும் குழல் என்ற சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது. நடுவில் உருளை இருந்தால் அதற்கு மட்டும் சைலன்சர் என்ற பெயர் இருக்கட்டும். வாயில் ஊறிய சொல்லைப் பிடுங்க வேண்டாம்.

கோண்டாவிலிலிருந்து:

எனக்குப் பிடித்திருக்கிறது, ஐயா. ஆனால் ஒரு சிக்கல். புகைவாய் பக்கவாட்டில் இருக்கும் எஞ்சின்களில் குழாய் முதலில் கிடையாக வந்து, பிறகுதான் நிமிர்கிறது. அந்தக் கிடைப்பகுதியையும் நிமிர்குழல் என்றால் சிரிப்பார்கள்.

சாவகச்சேரியிலிருந்து:

அதற்கு ‘அடிவளைவு’ என்று தனிப்பெயர் கொடுங்கள். செய்யும்போதும் அது தனித்துண்டுதான். தண்ணீர் பைப்பின் எல்போவைப் போட வேண்டாம். திருப்பம் குறுகலாக இருப்பதால் புகை முட்டும். 90 பாகை வளைவை மூன்று துண்டாக வெட்டி ஒட்டுவது சுலபம். இரண்டு பொருத்துகள் வரும், ஒவ்வொரு வெட்டும் 22.5 பாகை. நாலு துண்டு என்றால் மூன்று பொருத்து, வெட்டு 15 பாகை. மணல் நிரப்பி வளைப்பவர்கள் மணலைச் சட்டியில் நன்றாக வறுத்த பிறகே நிரப்ப வேண்டும். ஈர மணலை நிரப்பி இரு முனையும் அடைத்துச் சூடாக்கினால் நீராவி அடைப்பை வெடியோடு கழற்றி எறியும்.

பிளாஞ்சுக்கு 8 முதல் 10 மி.மீ. தகடு வேண்டும். மெல்லிய தகடு வெல்டிங் சூட்டில் கோணிவிடும், பிறகு எந்த கேஸ்கெட்டும் நிற்காது. அதே அளவில் இன்னொரு தடித்த தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கி, குழாயை நாலு இடத்தில் பொட்டு வெல்டிங் வைத்து, எதிரெதிராக ஒட்டுங்கள். ஆறும்வரை கழற்றக் கூடாது. கழற்றியபின் கண்ணாடியின் மேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்தால் மேடு பள்ளம் தெரியும். நட்டு பித்தளையில் இருந்தால் ஸ்டட்டில் துருப்பிடித்து இறுகாது.

குழாயின் உள்விட்டம் எஞ்சினின் புகைவாயை விடச் சிறுக்கக் கூடாது. சிறுத்தால் எஞ்சினின் இழுக்கும் பலம் குறையும், பாரம் இழுக்கும்போது கறுப்புப் புகை தள்ளும், எஞ்சின் சூடேறும். ஆட்கள் டீசல் பம்பைக் கழற்றுவார்கள், நொசிலை மாற்றுவார்கள்; குற்றம் குழாயில் இருக்கும்.

உரும்பிராயிலிருந்து:

அடிவளைவு நல்ல சொல். குழலைத் தாங்கும் இரும்புப் பட்டைக்குத் ‘தாங்கி’ போதும். ஆனால் எதில் பூட்டுவது என்பதைப் படத்திலேயே காட்ட வேண்டும். எஞ்சின் உடலில் பூட்டினால் இரண்டும் சேர்ந்து ஆடும். கைபிடியிலோ மூடித் தகட்டிலோ பூட்டினால் குழல் ஒரு பக்கமும் தாங்கி ஒரு பக்கமும் இழுத்து, பிளாஞ்ச் ஓரமே மறுபடி வெடிக்கும். தாங்கியின் ஓட்டை நீள்துளையாக இருக்கட்டும். 900 மி.மீ. குழல் 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ 3 மி.மீ. நீளும்.

சைலன்சர் சேர்ப்பவர்கள் உள்குழாயில் துளையிடும்போது கணக்குத் தவறுகிறார்கள். அண்ணை சொன்ன 38 மி.மீ. டியூபின் உள்விட்டம் 34.8 மி.மீ. அதன் வாயின் பரப்பளவுக்குச் சமனாக வர 6 மி.மீ. துளை 34 வேண்டும். கரி படிந்து சில அடைபடும் என்பதால் 50 போடுவதே நல்லது.

கோண்டாவிலிலிருந்து:

எழுதிக்கொண்டேன். மேல்முனை மூடிக்கு என்ன சொல்வது? இங்கே பாதிப்பேர் பால்பேணியைத்தான் கவிழ்த்து வைக்கிறார்கள்.

சாவகச்சேரியிலிருந்து:

‘மழைமூடி’. பேணி நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும் சரி. எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் அது பக்கத்துக் காணிக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியில்லாத குழலுக்குள் இறங்கும் தண்ணீர், வால்வு திறந்தபடி எஞ்சின் நின்றிருந்தால் நேரே சிலிண்டருக்குள் போகும். ரிங் துருப்பிடிக்கும். தண்ணீர் அதிகமென்றால் சுழற்றும்போது பிஸ்டன் முட்டி ராட் வளையும்.

கீல் வைத்த மழைமூடி என்றால் கீல் ஓட்டுபவர் பக்கம் இருக்க வேண்டும். அப்போது திறந்த மூடியே மறைப்பாகி, புகை முன்னே போகும். ஒற்றைச் சிலிண்டரில் மூடி தட்டிக்கொண்டே இருக்கும், அது குற்றமல்ல. கீல் ஆணி தேய்ந்தால் மாற்றினால் சரி.

உரும்பிராயிலிருந்து:

மழைமூடிக்கு என் வாக்கு. புகைக்குழாய் என்ற சொல்லையும் தள்ளிவிட வேண்டாம். அடிவளைவு, நிமிர்குழல், சைலன்சர் மூன்றும் சேர்ந்த முழுத்தொகுதிக்கு அது பொதுப்பெயராக இருக்கட்டும்.

சாவகச்சேரியிலிருந்து:

ஒத்துக்கொள்கிறேன். ஒரு சொல் விடுபட்டுப் போயிற்று: ‘வடிதுளை’. மூடி இருந்தாலும் உள்ளே வியர்க்கும் தண்ணீர் அடிவளைவில் தேங்கும். வளைவின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று, நிலத்தை நோக்கி. டீசல் குழாயின் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, தம்பி. அதிலிருந்தும் சூடான புகை வரும்.