டீகம்ப்ரஷன் வால்வு: இருக்கட்டுமா, போல்ட் போட்டு அடைச்சிடலாமா?

கேள்வி

70 சிசி செயின்சா, செகண்ட் ஹேண்ட். டீகம்ப்ரஷன் பட்டனை (கயிறு லேசா இழுக்க வர்றதுக்காக சிலிண்டர் அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியேத்துற வால்வு) அழுத்தி, சோக் போட்டு இழுத்தா, ரெண்டாவது மூணாவது இழுப்பிலேயே பட்டன் ‘டக்’னு வெளிய வந்துடுது. இன்ஜின் பிடிக்கல. காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு 15 இழுப்பு ஆகுது. ஓட ஆரம்பிச்சா ஓடுது, ஆனா புளியமரத்துல 18 அங்குல பாரை (செயின் ஓடுற பட்டை) முழுசா இறக்கினா திணறுது. கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தம் அளக்குற மீட்டர்) 105 பிஎஸ்ஐ காட்டுது. பட்டனைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கா கரி. வால்வை எடுத்துட்டு போல்ட் போட்டுடலாம்னு மெக்கானிக் சொல்றார். போடலாமா?

பதில் 1

இதுல ரெண்டு பிரச்சினை கலந்து கிடக்கு, பிரிச்சுப் பாருங்க.

பட்டன் வெளிய வர்றது கோளாறு இல்லை. வால்வோட தலை சிலிண்டருக்கு உள்பக்கம் இருக்கு. நீங்க அழுத்தும்போது அது உள்நோக்கித் திறக்குது, பிஸ்டன் மேலே வரும்போது கொஞ்சம் காற்று அந்த வழியா வெளியேறுது. உள்ளே ஒரு தடவை தீப்பிடிச்சாலும் அந்த அழுத்தமே தலையைத் தள்ளி மூடிடும். அப்போ பட்டன் துள்ளினதுன்னா பெரும்பாலும் இன்ஜின் ஒரு தடவை இருமியிருக்கு. அந்த நொடியே சோக்கைப் பாதிக்குத் தள்ளணும், பட்டனை மறுபடி அழுத்தணும், இழுக்கணும். முழு சோக்கிலேயே இன்னும் நாலு இழுப்பு இழுத்தா பெட்ரோல் நிறைஞ்சு ஸ்பார்க் பிளக் நனைஞ்சிடும். உங்க 15 இழுப்புல பாதி இதுக்குத்தான் போகுதுன்னு தோணுது.

இருமுற சத்தம் ஹெல்மெட், காதடைப்புக்குள்ள கேட்காது. பட்டன் துள்ளுறதையே அடையாளமா வெச்சுக்கலாம். செயின் பிரேக் போட்டுட்டுத்தான் இதெல்லாம்.

105 பிஎஸ்ஐ வேற கதை. நல்ல நிலையில் இருக்கிற இந்த அளவு இன்ஜின் 150-ஐ ஒட்டி காட்டணும்.

பதில் 2

அடைச்சிடுங்க. 50 சிசி மெஷினுக்கு இந்த வால்வு தேவையே இல்லை, 70-க்கும் இழுக்கத் தெரிஞ்சவனுக்கு வேண்டாம். சிலிண்டர் தலையில ஒரு ஓட்டை, ஒரு ஸ்பிரிங், கரி பிடிக்கிற ஒரு இடம், எல்லாம் கூடுதல் தொல்லை. அடைச்சா கசியவே கசியாது.

பதில் 1

50 சிசி வரைக்கும் நீங்க சொல்றது சரி. ஆனா ஹஸ்க்வர்னா 372 எக்ஸ்பி 70.7 சிசி, 395 எக்ஸ்பி 93.6 சிசி, ஸ்டில் எம்எஸ் 660 91.6 சிசி. இந்த மாதிரி மெஷின்களுக்குக் கம்பெனியே வால்வு வெச்சது அலங்காரத்துக்கு இல்லை. வால்வு இல்லாம இழுக்கும்போது பிஸ்டன் மேல்முனையைத் தாண்டாம திரும்பி அடிச்சா கயிறு கையைப் பிடுங்கும். கயிறு, ஸ்டார்ட்டர் கொக்கி, கைப்பிடி எல்லாம் சீக்கிரம் தேயும். ஒரு நாளைக்கு முப்பது தடவை நிறுத்தி ஸ்டார்ட் பண்றவரோட தோளையும் கணக்குல எடுங்க. ஓடும்போது மூடியிருக்கிற வால்வால பவர் குறையாது. மூடாத வால்வாலதான் குறையும்.

பதில் 3

அடைக்கலாமா வேண்டாமான்னு பேசுறதுக்கு முன்னாடி குற்றவாளி வால்வுதானான்னு பாருங்க. கேஜையும் சந்தேகப்படணும். காருக்கு விக்கிற கேஜ்ல காற்றைப் பிடிச்சு வைக்கிற குட்டி வால்வு மீட்டர் பக்கம் இருந்தா, ஹோஸ் முழுக்க எரிஅறையோட கொள்ளளவுல சேர்ந்துடும். 70 சிசி இன்ஜின்ல எரிஅறையே ஏழெட்டு சிசிதான், அதனால அளவு பொய்யாக் குறையும். குட்டி வால்வு, ஸ்பார்க் பிளக் ஓட்டையில மாட்டுற முனையிலேயே இருக்கணும்.

அளக்கும் முறை: சுவிட்ச் ஆஃப், சோக் எடுத்துடுங்க, ஆக்சிலேட்டரை முழுசா அழுத்திப் பிடிங்க, பட்டன் வெளியே. முள் ஏறாம நிக்கிற வரைக்கும் இழுங்க, ஆறேழு இழுப்பு போதும்.

அப்புறம் ஸ்பார்க் பிளக்கை மாட்டிட்டு, மேல்மூடியைக் கழற்றி, பட்டனைச் சுத்தி சோப்புத்தண்ணி விட்டு மெதுவா இழுங்க. நுரை வந்தா கசிவு. கடைசியா வால்வைக் கழற்றி அந்த இடத்துல பிளக் (ஓட்டையை அடைக்கிற திருகு) போட்டு மறுபடி அளங்க. கழற்றும் முன்னாடி காற்றடிச்சு மரத்தூளை ஊதிடணும், ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் சுவர்ல கோடு விழும்.

அந்த ஓட்டையோட மரை ஹஸ்க்வர்னா, ஸ்டில் ரெண்டுலயும் எம்10, 1 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி). கடைல சாதாரணமா கிடைக்கிற எம்10 போல்ட் 1.5 பிட்ச். அதை முறுக்கினா அலுமினிய மரை போயிடும், சிலிண்டரும் போன மாதிரிதான். சில பைக், ஸ்கூட்டர் ஸ்பார்க் பிளக்கும் இதே மரைதான், அதைப் போடுறவங்க உண்டு. ஆனா அதோட மரை நீளம் 12.7 அல்லது 19 மி.மீ. எரிஅறைக்குள்ள நீட்டினா பிஸ்டன் இடிக்கலாம், நீட்டுற மரை பழுத்துச் சூடாகலாம். இதுக்குன்னே விக்கிற குட்டி பிளக்கை வாங்குங்க. அடியில செம்பு வாஷர், டெஃப்லான் டேப் வேண்டாம்.

கேட்டவர்

கேஜ் சரியான வகைதான். சோப்புத்தண்ணில பட்டன் தண்டை ஒட்டி நுரை வருது. பிளக் போட்டு அளந்தா 148! வால்வை மாட்டினா திரும்ப 105. பிளக்கோட மரத்துல இறக்கிப் பார்த்தேன், திணறல் இல்லை. ஆனா இழுக்கிறது கல்லு மாதிரி இருக்கு.

பதில் 3

அப்போ ரிங், சிலிண்டர் நல்லா இருக்கு. வால்வு தலை உட்காருற இடத்துல கரி. 148 இருக்கிற இன்ஜினை வால்வு இல்லாம தினமும் இழுக்க வேண்டாம், வால்வைச் சரிபண்ணுங்க. கார்புரேட்டர் கிளீனர்ல அரை மணி நேரம் ஊறவெச்சு, பட்டனை இருபது முப்பது தடவை அழுத்தி விடுங்க, தலையோட அடிப்பக்கத்தைப் பித்தளை பிரஷ்ல தேயுங்க. இரும்பு பிரஷ், உப்புத்தாள் ரெண்டும் கூடாது. காய்ஞ்சதும் வால்வை மூடிவெச்சு தலைப்பக்கம் ரெண்டு சொட்டு பெட்ரோல் விடுங்க. தண்டு வழியா இறங்கினா புதுசு வாங்கணும். மாட்டும்போது 14 நியூட்டன் மீட்டர், அதாவது கையால முழுசா திருகி, சின்ன ரென்ச்ல கொஞ்சம். ரொம்ப முறுக்கினா வால்வு உடம்பு கோணி, தண்டு சிக்கும்.

டூப்ளிகேட் வால்வு வாங்காதீங்க. தண்டு முறிஞ்சு தலை உள்ளே விழுந்தா பிஸ்டன், சிலிண்டர் ரெண்டுக்கும் சேர்த்து செலவு.

பெட்ரோல்-ஆயில் கலவை என்ன விகிதம்?

கேட்டவர்

லிட்டருக்கு 40 மில்லி. பாட்டில்ல 1:50னு போட்டிருக்கு, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்னு ஊத்துறேன்.

பதில் 1

கரி அங்கேருந்துதான் வருது. 1:50னு குறிச்ச நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கு லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண ஆயிலுக்குத்தான் 40. ஆயிலைக் குறைச்ச பிறகு கார்புரேட்டரைத் திரும்ப டியூன் பண்ணுங்க, பெட்ரோலோட பங்கு கூடுறதால காற்று-பெட்ரோல் கலவை சற்று ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும். ஹெச் ஸ்குரூவை (முழு வேகத்துல பெட்ரோல் அளவை வைக்கிற திருகு) ரொம்ப அடைச்சிடாதீங்க. அறுக்காம முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது லேசா ‘பரபர’ன்னு நாலு ஸ்ட்ரோக் சத்தம் வரணும், மரத்துல இறக்கினதும் அது தெளியணும். சைலன்சரையும் கழற்றி கம்பிவலையைப் பாருங்க, வால்வுல இவ்வளவு கரின்னா அதுலயும் அடைச்சிருக்கும்.

பதில் 2

புது வால்வு வர்ற வரைக்கும் பிளக்கோட ஓட்டலாம், ஒண்ணும் ஆகாது. இழுக்கும் முன்னாடி கயிறை மெதுவா இழுத்து பிஸ்டன் தட்டுற இடத்தைத் தாண்ட விடுங்க. கயிறைத் திரும்ப உள்ளே விட்டு, அப்புறம் ஒரே இழுப்பா இழுங்க. கயிறைக் கையில சுத்திக்காதீங்க.

கேட்டவர்

கழுவினதுல 140 வந்துடுச்சு, பெட்ரோல் இறங்கல. சைலன்சர் வலை முக்கால்வாசி அடைச்சு இருந்தது. சோக் நீங்க சொன்ன மாதிரி பண்ணி இன்னைக்கு நாலாவது இழுப்புல பிடிச்சது. பிளக்கை டூல் பாக்ஸ்ல போட்டு வெச்சிருக்கேன்.