மறு: மறு: ரம்பப் பல்லின் ‘செட்’டுக்குத் தமிழில் என்ன?

செ. (திருச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக, கையாலேயே ஒரு முதுகு ரம்பம் செய்வது எப்படி என்ற கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். முதுகு ரம்பம் என்றால் தகட்டின் மேல்விளிம்பில் பித்தளைப் பட்டை செருகிய சின்ன ரம்பம், நுணுக்கமான மர இணைப்புகளை அறுப்பதற்கு. இந்தப் பெயரே சரியா என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். அட்டை அச்சாகிவிட்டது.

சிக்கல் இதுதான். அரை மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்பிரிங் எஃகுத் தகடு, அதில் முக்கோண அரத்தால் பல் அராவியாயிற்று. அப்படியே மரத்தில் வைத்தால் கொஞ்சம் இறங்கியதும் தகடு இறுகிக்கொள்ளும். பல் வெட்டுகிற தடமும் தகடும் ஒரே அகலம், அதுதான் காரணம். ஆகவே ஒரு பல்லை இடப்பக்கமும் அடுத்த பல்லை வலப்பக்கமும் துளியூண்டு வளைத்துவிடுகிறார்கள். பட்டறையில் இதற்கு ‘செட்’ என்று பெயர்.

கலைச்சொல் தேடினால் எல்லோரும் ‘பல்சாய்வு’ என்கிறார்கள். ஆனால் கையேட்டில் இன்னும் இரண்டு சாய்வுகள் வருகின்றன. ஒன்று, பல்லின் முகம் முன்னும் பின்னும் சாய்வது. நீளவாக்கில் அறுக்கிற ரம்பத்துக்கு அது ஏறக்குறைய நேர்க்குத்து, குறுக்கே அறுப்பதற்குச் சுமார் 15 பாகை பின்னால். இன்னொன்று, குறுக்கு ரம்பத்தின் பல்விளிம்பு கத்தி மாதிரி வர, அரத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து அராவுவது. மூன்றும் சாய்வு என்றால் பிள்ளைகள் எதைச் சாய்ப்பார்கள்?

இப்போதைக்கு ‘செட்’டுக்கு மட்டும் சொல்லுங்கள், போதும்.

புலவர் க. (மதுரை) எழுதியது:

அம்மா, கேள்வி நன்று. ஆனால் ரம்பத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பல்லுக்கு மட்டும் தமிழ் தேடுவது எனக்கு விளங்கவில்லை. ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்பது இந்தக் குழுவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு ‘ஈர்வாள்’ இருக்கிறது. ஈர்தல் என்றால் அறுத்தல்.

“நாளென ஒன்றுபோற் காட்டி உயிரீரும்
வாளது உணர்வார்ப் பெறின்”

334ஆம் குறள். போர்வாள் ஒரே வீச்சில் வேலையை முடித்துவிடும். நாள் அப்படியா? போய்வந்து, போய்வந்து, ஒவ்வோர் இழையாக அறுக்கிறது. வள்ளுவர் மனத்தில் இருந்தது தச்சன் கையில் உள்ள வாள்தான் என்பது என் துணிபு.

இன்னொன்றும் கவனியுங்கள். ஈர்த்தல் என்றால் இழுத்தல். ஆக நம் முன்னோர் வாளை இழுத்து அறுத்திருக்கிறார்கள்! மேலைநாட்டு ரம்பம் தள்ளும்போது வெட்டுகிறது, ஜப்பானியருடையது இழுக்கும்போது வெட்டுகிறது. நம்முடையதும் இழுப்பு வாள்தான் என்று சொல்லே சாட்சி சொல்கிறது.

‘செட்’டுக்கு என் பரிந்துரை: பற்கோட்டம். கோடு, கோணம், கோணல், கோட்டம் எல்லாம் வளைவு என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை.

கு. (டொராண்டோ) எழுதியது:

ஐயா, உங்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதை விட்டுவிட முடியாது.

ஈர்தல் வேறு, ஈர்த்தல் வேறு. ஈர்ந்தான் என்றால் அறுத்தான், ஈர்த்தான் என்றால் இழுத்தான். குறளில் இருப்பது ‘ஈரும் வாள்’. இழுத்தல் என்றால் ‘ஈர்க்கும் வாள்’ என்றல்லவா வர வேண்டும்? ஒலி ஒத்துப்போவதை வைத்து முன்னோர் ரம்பத்தின் பல் எந்தப் பக்கம் பார்த்தது என்று சொல்லிவிடலாம் என்றால், ‘ஈர்ங்கை’யில் உள்ள ஈரமும் தலையில் பேனோடு இருக்கிற ஈரும் இதற்குள் வந்துவிடும். பேன் சீப்புக்கும் பல் உண்டு, அதையும் ஈர்வாள் என்போமா?

இழுப்பு வாளுக்கு ஒரு நல்ல காரணம் உண்டு, அது இலக்கணத்தில் இல்லை. இழுக்கும்போது தகடு விறைத்து நிற்கும், அதனால் மிக மெல்லிய தகடு போதும். தள்ளும்போது மெல்லிய தகடு மடங்கப் பார்க்கும். செ. சொல்கிற பித்தளை முதுகு அதற்காகத்தான்.

மற்றபடி ‘வாள்’ என்பதில் எனக்குச் சண்டை இல்லை. யாழ்ப்பாணத்தில் வாள் என்றாலே முதலில் தச்சருடைய வாள்தான் நினைவுக்கு வரும்.

மா. (நாகர்கோவில்) எழுதியது:

எங்கள் பக்கம் மலையாளத்தின் காற்று அடிக்கும். அங்கே ஈர்ச்சவாள், அறக்கவாள் இரண்டும் உண்டு. ஆகவே புலவர் ஐயா சொல்கிற ஈர்வாள் செத்த சொல் இல்லை, மலைக்கு அந்தப்புறம் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் மதுரைக் கடையில் போய் ஈர்வாள் கேட்டால் என்ன கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

பற்கோட்டம் வேண்டாம் ஐயா. எங்கள் தச்சுப் பட்டறையில் பலகை கோணிப்போனால் அது கழிவு. கோட்டம் என்றாலே குறை. நீங்கள் வள்ளுவரைக் கூப்பிட்டதால் நானும் கூப்பிடுகிறேன்: “சொற்கோட்டம் இல்லது செப்பம்.” கோட்டம் இல்லாததுதான் செப்பம் என்கிறார். செட் வைப்பது ரம்பத்தைச் செப்பம் செய்கிற வேலை. அதற்குப் போய்க் கோட்டம் என்று பெயர் வைத்தால், வாத்தியார் ‘பல்லில் கோட்டம் இருக்கிறதா பார்’ என்பார், பையன் அதை நிமிர்த்தி வைத்துவிடுவான்.

வேலையைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். ரம்பத்தைக் கட்டைகளுக்கு இடையில் இறுக்கி, பல் மேல்நோக்கி இருக்கும்படி வைத்துக்கொள்வோம். செட் இடுக்கி பல்லின் மேல்பாதியை மட்டும்தான் பிடிக்க வேண்டும். பல்லை அடியோடு வளைத்தால் ஒடிந்துவிடும், இல்லையென்றால் இரண்டு பல்லுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் விரிசல் விழும். ஒன்று விட்டு ஒன்றாக ஒரு பக்கம் முழுவதும் வளைத்துக்கொண்டு போய், ரம்பத்தைத் திருப்பிப் போட்டு மிச்சப் பல்லை வளைப்போம். இந்தச் சின்ன ரம்பத்துக்குப் பக்கத்துக்கு 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை போதும். ஒரு பக்கம் கூடிவிட்டால் ரம்பம் மரத்தில் போட்ட கோட்டிலிருந்து விலகி அந்தப் பக்கமே ஓடும். அப்போது திரும்ப வளைக்கக் கூடாது. கூடின பக்கத்தில் சாணைக்கல்லை ஒருமுறை லேசாக ஓட்டினால் சரியாகிவிடும்.

வி. (பெங்களூரு) எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. பட்டறையில் எல்லோரும் செட் என்கிறார்கள். இடுக்கியை விற்கிற கடைக்காரர் செட் என்கிறார். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போனால் மேஸ்திரி ‘செட் வச்சியாடா’ என்றுதான் கேட்பார். கையேட்டில் மட்டும் வேறு சொல் எதற்கு? போல்ட், நட், ஸ்பேனர் எல்லாம் அப்படியே இருக்கின்றனவே.

மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்றால், அது எதற்காக என்பதை வைத்துப் பெயர் வையுங்கள். தகட்டுக்கு இடம் விடுவதுதானே வேலை? ‘இடைவிடல்’ என்று போடலாம்.

இன்னொரு சந்தேகம். கையேட்டில் ஓரிடத்தில் அங்குலத்துக்கு 15 என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் அதே ரம்பத்துக்கு 14 பல். எது சரி?

மா. எழுதியது:

இரண்டும் சரி. ஒரு பல்லின் முனையிலிருந்து ஓர் அங்குலம் அளந்தால், இரண்டு ஓரத்திலும் உள்ள முனைகளையும் சேர்த்து எண்ணினால் 15 முனை. முழுப் பல்லாக எண்ணினால் 14. அரம் வாங்கும்போது எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘இடைவிடல்’ சரிவராது. இடம் விடுவதற்குச் செட் ஒன்றே வழியில்லை. ஷெஃபீல்டிலும் பிலடெல்பியாவிலும் செய்த பழைய நல்ல கைரம்பங்களில், தகட்டையே பல் பக்கம் கனமாகவும் முதுகுப் பக்கம் மெல்லியதாகவும் தேய்த்திருப்பார்கள். பிலடெல்பியாவில் ஹென்றி டிஸ்டன் 1840இல் தொடங்கின பட்டறையின் ரம்பம் கிடைத்தால், முதுகை விரலால் தடவிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அந்த ரம்பத்துக்குச் செட் குறைவாகவே போதும். இடைவிடல் என்றால் அந்தத் தேய்ப்பும் அதில் அடங்கிவிடுமே.

கு. எழுதியது:

வி. சொல்கிற போல்ட், நட் சரி. அதே பெட்டியில் திருப்புளி இருக்கிறதே? திருப்புகிற உளி. இலங்கையில் அதைத்தான் எல்லாரும் சொல்கிறோம், தமிழ்நாட்டிலும் பல ஊரில் சொல்கிறார்கள். குறடு இருக்கிறது, கொட்டாப்புளி இருக்கிறது. சில சொல் பிடிக்கிறது, சில சொல் பிடிப்பதில்லை. முயன்று பார்க்காமலே ‘நாளைக்கு மேஸ்திரி’ என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

‘நெளிப்பு’ எப்படி? தகட்டை வளைப்பதற்கு நாம் சாதாரணமாகச் சொல்கிற சொல்தானே.

மா. எழுதியது:

நெளிசல் என்றால் அடிபட்ட தகடு. ரம்பம் செய்பவனுக்குப் பெரிய தலைவலியே அதுதான். பட்டடைக்கல்லில் வைத்துச் சுத்தியலால் மெள்ளத் தட்டி நெளிசலை எடுத்த பிறகுதான் பல்லே வெட்டுவோம். அண்ணா, வேண்டாம்.

நான் ஒன்று சொல்கிறேன்: ‘பல்விரிப்பு’. செட் வைத்த ரம்பத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பல்வரிசையை ஒரு முனையிலிருந்து பாருங்கள். பல் இரண்டு வரிசையாக விரிந்து, நடுவில் ஒரு பள்ளம் தெரியும். குறுக்கு அறுக்கிற பெரிய கைரம்பத்தில் செட் ஒழுங்காக இருந்தால், அந்தப் பள்ளத்தில் தையல் ஊசியை வைத்து ரம்பத்தைச் சரித்தால் ஊசி வழுக்கிக்கொண்டு மறுமுனை வரை போகும். இந்தச் சின்ன ரம்பத்தில் ஊசி நிற்காது, பல் அவ்வளவு பொடி. ஆனால் கண்ணுக்குத் தெரிவது அதே விரிவுதான்.

புலவர் க. எழுதியது:

விரிப்பு என்றதும் எனக்குப் படுக்கைவிரிப்பு நினைவுக்கு வருகிறது. ஜமுக்காளம்.

வி. எழுதியது:

பற்கோட்டம் என்றதும் எனக்கு நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது ஐயா. சொல்லாமல் இருந்தேன்.

கு. எழுதியது:

ஜமுக்காளத்தை ஒதுக்கி வையுங்கள். மா. சொன்னதில் அவரே கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. ‘செட்’ என்ற ஒரே சொல் செயலையும் குறிக்கிறது, அளவையும் குறிக்கிறது: ‘செட் வை’, ‘செட் எவ்வளவு?’. விரிதல், விரித்தல் என்று தன்வினை, பிறவினை இரண்டும் நமக்கு இருப்பதால், செய்வதைப் பல்விரிப்பு என்றும், கிடைத்த அளவைப் பல்விரிவு என்றும் பிரித்துவிடலாம். ‘பல்லை விரி.’ ‘பல்விரிவு பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டர்.’ ‘ஒரு பக்கம் விரிவு கூடிவிட்டது.’ மூன்று வாக்கியமும் விளக்கமில்லாமலே புரிகின்றன. இடுக்கியை ‘பல்விரி குறடு’ எனலாம், எனக்கு அதில் பிடிவாதம் இல்லை.

செ. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து காலையிலிருந்தே போன் வந்துகொண்டிருக்கிறது, இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

செயலுக்குப் பல்விரிப்பு, அளவுக்குப் பல்விரிவு. முதல்முறை வருகிற இடத்தில் ‘பட்டறையில் செட் என்பார்கள்’ என்று ஒரு வரி. இடுக்கி வெறும் ‘செட் இடுக்கி’தான், கடையில் வாங்க வேண்டிய பொருளுக்கு நான் பெயர் மாற்றப்போவதில்லை. ரம்பம் ரம்பமாகவே இருக்கும். மூவர் இதற்குச் சரி என்கிறீர்கள். அதில் வி. ‘ஏதோ ஒன்று, சீக்கிரம் முடியுங்கள்’ என்றுதான் தனிமடலில் எழுதியிருக்கிறார், அதையும் சரி என்றே எடுத்துக்கொண்டேன்.

புலவர் க. எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். விரிதல் என்பது ஒரே இடத்திலிருந்து எல்லாம் வெளியே போவது: பூ விரிகிறது, குடை விரிகிறது. இங்கே ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக விலகி நிற்கிறது, பக்கத்துப் பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோட்டம் வேண்டாம் என்றால் ‘பல்லொதுக்கம்’ என்றாவது போட்டிருக்கலாம். வழிவிட்டு ஒதுங்குவதுதானே பல் செய்கிற வேலை. நேற்று இரவுதான் தோன்றியது.

கு. எழுதியது:

ஐயா, ஒதுக்கம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. இதை முதல் மடலிலேயே எழுதியிருக்கக் கூடாதா?

செ., வாள் போன தடத்துக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? தகடு 0.5, இரண்டு பக்கமும் விரிவு 0.1 என்றால் 0.7 மில்லிமீட்டர் அகலத்தில் மரம் தூளாகப் போகிறதே, அந்த வெட்டுக்கு?

செ. எழுதியது:

வெட்டுத்தடம். தயவுசெய்து யாரும் ‘ஈர்வாய்’ என்று எழுத வேண்டாம்.

புலவர் க. எழுதியது:

ஏன் அம்மா, ஈர்வாயில் என்ன குறை?