எர்கோஸ்பியருக்கு ‘ஆற்றல் கோளம்’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சுழலும் கருந்துளைகள் பற்றி நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், அத்தகைய கருந்துளையைச் சூழ்ந்த ஒரு பகுதியின் ஆங்கிலப் பெயரான எர்கோஸ்பியர் (ergosphere) என்பதற்கு நேராக ‘ஆற்றல் கோளம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. மூன்று நாட்களாக நடக்கும் உரையாடலில் ‘பணிக்கோளம்’, ‘வேலைக்கோளம்’ என்ற மாற்றுகளும் வந்துள்ளன. இவற்றில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றுச் சொல் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆனால் முதலில் பொருளைப் பேசிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

சுழலாத கருந்துளைக்கு எல்லை ஒன்றுதான். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு 1916-இல் சுவார்சுசைல்டு வெளியிட்ட தீர்வு அதைத்தான் விவரிக்கிறது. அந்த எல்லைக்கு, அதாவது உள்ளே போனால் ஒளிகூடத் திரும்ப முடியாத நிகழ்வெல்லைக்கு, வெளியே எவ்வளவு நெருங்கிச் சென்றாலும், போதிய வலிமையுள்ள ராக்கெட் கையில் இருந்தால், தொலைவிலுள்ள விண்மீன்களைப் பார்த்தபடி ஓரிடத்தில் அசையாமல் நிற்கலாம். நிற்க முடியாமல் போகும் இடமும் திரும்ப முடியாமல் போகும் இடமும் அங்கே ஒன்றே. நியூசிலாந்துக் கணித அறிஞர் ராய் கெர் 1963-இல் சுழலும் கருந்துளைக்கான தீர்வைக் கண்டார். அதில் இந்த இரண்டு இடங்களும் பிரிந்துவிடுகின்றன. பெங்களூரைச் சேர்ந்த சி.வி. விஸ்வேஸ்வரா 1968-இல் இந்தப் பிரிவைத் தெளிவாக ஆராய்ந்தார். உள்ளே இருப்பது நிகழ்வெல்லை. அதற்கு வெளியே, துருவங்களில் அதைத் தொட்டுக்கொண்டும் நடுவரையில் புடைத்துக்கொண்டும் இன்னொரு எல்லை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிதான் நாம் பெயர் தேடும் பகுதி.

அளவு சொன்னால் விளங்கும். சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள கருந்துளை சுழலாமல் இருந்தால் நிகழ்வெல்லையின் ஆரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதே கருந்துளை உச்ச வேகத்தில் சுழன்றால், வழக்கமாகப் பயன்படுத்தும் ஆயத்தொலைவுகளில், நிகழ்வெல்லை 15 கிலோமீட்டருக்குச் சுருங்கிவிடும். வெளி எல்லையோ நடுவரையில் அதே 30 கிலோமீட்டரில் நிற்கும், துருவத்தில் 15 கிலோமீட்டர்தான். ஆக, இடைப்பட்ட பகுதி நடுவில் தடித்தும் துருவங்களில் இல்லாமலும் போகிறது. இதைக் கோளம் என்று சொன்னால் படிப்பவர் மனத்தில் தவறான உருவம் பதியும். ஆங்கிலப் பெயரிலேயே அந்தப் பிழை இருக்கிறது. அதை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

இப்பகுதிக்குள் நிற்பது என்பதே கிடையாது. வெள்ளம் பெருகிய ஆற்றில் துடுப்பின் வேகத்தைவிட நீரின் வேகம் கூடிவிட்டால், பரிசல்காரர் எதிர்த்துத் துடுப்பு வலித்தாலும் பரிசல் நீரோடுதான் போகும். இங்கே ஒளிக்கே அந்த நிலைமை. சுழற்சிக்கு எதிர்த்திசையில் செலுத்திய ஒளிகூட, தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் சுழலும் திசையிலேயே நகரும். வெளி எல்லையின் மீது அப்படிச் செலுத்தினால், அந்தக் கணத்தில் ஒளி வலமும் போகாமல் இடமும் போகாமல் நிற்கும். அதற்கு உள்ளே எந்த ராக்கெட்டாலும் அசையாமல் நிற்க முடியாது. ஆனால், இதை அழுத்திச் சொல்ல வேண்டும், வெளியேற முடியும். உடன் சுழன்றபடியே வெளியே வந்துவிடலாம். நிகழ்வெல்லைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

சரி, ‘எர்கோ’ எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் எர்கான் என்றால் வேலை. 1969-இல் கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ், இப்பகுதியைப் பயன்படுத்திக் கருந்துளையின் சுழற்சியிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கலாம் என்று காட்டினார். உள்ளே போகும் பொருள் ஒன்று இரண்டாக உடைகிறது. ஒரு துண்டு எதிர்க்குறி ஆற்றலோடு நிகழ்வெல்லைக்குள் விழுகிறது. மற்றது, போனபோது இருந்ததைவிடக் கூடுதல் ஆற்றலோடு வெளியே வருகிறது. எதிர்க்குறி ஆற்றலா என்று திகைக்கத் தோன்றும். உந்தம் இடவெளியோடு இணைந்தது, ஆற்றல் காலத்தோடு இணைந்தது. வலமும் இடமும் போகலாம் என்பதால் உந்தம் நேர்க்குறியாகவும் எதிர்க்குறியாகவும் இருக்கலாம். தொலைவில் இருப்பவரின் காலத்திசை இப்பகுதிக்குள் இடவெளியின் ஒரு திசையைப்போல் ஆகிவிடுவதால், அவர் கணக்கிடும் ஆற்றலுக்கும் அந்தச் சலுகை கிடைத்துவிடுகிறது. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு வியப்புக் குறையாத இடம் இது.

இதை மனத்தில் கொண்டுதான் இயற்பியலாளர்கள் ருஃபினியும் வீலரும் 1971-இல் எர்கோஸ்பியர் என்ற பெயரை வைத்தார்கள். ஆனால் ஆற்றல் அந்தப் பகுதியில் சேமிக்கப்பட்டிருப்பதில்லை. அது கருந்துளையின் சுழற்சியில் இருக்கிறது. உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையின் நிறையாற்றலில் கொள்கையளவில் ஏறத்தாழ 29 விழுக்காடுவரை எடுக்கலாம். எடுக்க எடுக்கச் சுழற்சி குறையும். சுழற்சி முழுதும் தீர்ந்தால் பகுதியே மறைந்துவிடும். பென்ரோஸின் கணக்கில் இப்பகுதி கொடுக்கல் வாங்கல் நடக்கும் சந்தை, நெல் இருப்பதோ வேறிடத்துக் குதிரில். ‘ஆற்றல் கோளம்’ என்பது சந்தையைக் குதிர் என்று சொல்வதாகும். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம், “அந்தக் கோளத்தில் எவ்வளவு ஆற்றல் நிரம்பியிருக்கும், ஐயா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழையே இல்லை. பெயர் அவளை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது.

யாழ்ப்பாணத்து நண்பர் நேற்று எழுதியதும் இங்கே முக்கியம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆற்றல் என்பது இலங்கையில் சக்தி. ‘ஆற்றல் கோளம்’ என்று வைத்தால் அவர்கள் ‘சக்திக் கோளம்’ என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு சொற்களையும் தொடாத பெயர் இரு கரைக்கும் பொதுவாகும்.

ஆகவே என் முன்மொழிவு: அந்தப் பகுதி ‘நில்லாவலயம்’. அதன் வெளி எல்லை ‘நிற்பெல்லை’. உள்ளே ஏற்கெனவே நாம் ஒப்புக்கொண்ட ‘நிகழ்வெல்லை’. நிற்பெல்லைக்கும் நிகழ்வெல்லைக்கும் இடையே நில்லாவலயம் என்று சொல்லும்போதே படம் கண்முன் வருகிறதல்லவா? வலயம் என்றால் வளையமும் வளையலும். நடுவில் தடித்துத் துருவங்களில் தேயும் வடிவத்துக்கு அது கோளத்தைவிட நெருக்கமானது. ‘கோளம்’ என்றே பிடிவாதமாக வைத்தால் ‘நில்லாக் கோளம்’ என்று வல்லினம் மிகும். ‘வலயம்’ என்றால் அந்தத் தொல்லையும் இல்லை.

‘நில்லா’ என்றவுடன் நிலையாமை, அழிந்துபோவது என்ற பொருள்தான் முதலில் தோன்றும் என்று ஒருவர் மறுக்கக்கூடும். நியாயமான மறுப்பு. ‘நில்லாச் செல்வம்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அப்படித்தான் தோன்றும். ‘நிற்கவியலா வலயம்’ என்று விரித்தால் ஐயம் தீரும், ஆனால் ஒரே பத்தியில் ஐந்து முறை அதை எழுதிப் பாருங்கள். ‘நிற்பெல்லை’ எப்போதும் அருகிலேயே வருவதால் பொருள் திரியாது என்று நம்புகிறேன்.

பட்டியலில் உள்ள ‘சட்டக இழுவை’ (frame dragging) பற்றியும் ஒன்று. சுழலும் பொருள் தன்னைச் சுற்றியுள்ள காலவெளியையும் உடன் சுழற்றுவதுதான் அது. இயற்பியலாளர்கள் லென்சேயும் திரிங்கும் 1918-இல் கணக்கிட்ட இந்த விளைவு பூமிக்கும் உண்டு. 2004-இல் ஏவிய கிராவிட்டி புரோப் பி என்ற செயற்கைக்கோளின் சுழல்மானிகள் (ஜைரோஸ்கோப்புகள்), ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகையில் லட்சத்தில் ஒரு பங்கு இதனால் திரும்பியதை அளந்தார்கள். முடிவு 2011-இல் வெளியானது. ‘இழுவை’ என்றால் மாணவர்கள் காற்றின் இழுவையை, உராய்வை நினைப்பார்கள். இங்கே உராய்வு எதுவும் இல்லை. தொலைவிலிருந்து நேராக விழவிட்ட கல்லின் கோண உந்தம் கடைசிவரை சுழியாகவே இருக்கும், அதனுடன் கட்டி அனுப்பிய முடுக்கமானியும் சுழியே காட்டும், இருந்தும் கல் கருந்துளையைச் சுற்றும். ‘உடன்சுழற்றல்’ என்று வைக்கலாமா? இதில் எனக்கு முழு உறுதி இல்லை. இதைவிட நல்ல சொல் வந்தால் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன். நில்லாவலயத்தை அவ்வளவு எளிதில் விட மாட்டேன்.

பட்டியலுக்கான வரையறையையும் எழுதிவிட்டேன்: “நில்லாவலயம்: சுழலும் கருந்துளையின் நிகழ்வெல்லைக்கும் நிற்பெல்லைக்கும் இடைப்பட்ட பகுதி. இதனுள் எப்பொருளும் தொலைவிலுள்ள விண்மீன்களைப் பொறுத்து அசையாமல் நிற்க முடியாது. ஆயினும் வெளியேற முடியும்.” திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். ‘வெளியேற முடியும்’ என்ற கடைசிப் பகுதியை மட்டும் யாரும் நீக்கிவிட வேண்டாம்.

அன்புடன்.