ஒன்றும் திருட்டுப் போகவில்லை, திருட வந்தான் என்று எப்படி நிரூபிப்பது?

சத்துவாச்சாரிக்காரன்:
போன வாரம் ராத்திரி 2 மணிக்குப் பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பி ஒருவன் உள்ளே வந்துவிட்டான். பீரோ பக்கத்தில் பிடித்தோம். ஒரு பொருளும் போகவில்லை. "போதையில வீடு மாறி வந்துட்டேன்" என்கிறான். வழக்கு நிற்குமா?

காட்பாடி வக்கீல்:
நிற்கும் சார். மனசுக்குள் இருப்பதை யார் பார்த்தது? நடந்துகொண்ட விதத்தை வைத்துத்தான் கோர்ட் முடிவுக்கு வரும். ராத்திரியில் திருடும் நோக்கத்தோடு கதவை உடைத்து நுழைந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 331(4) பிரிவு, 14 ஆண்டு வரை சிறை. பொருள் போயிருக்க வேண்டும் என்றில்லை. திருட்டு நோக்கத்தைக் காட்ட முடியாவிட்டால் 331(2)க்கு இறங்கிவிடும், 3 ஆண்டு வரைதான். கையில் என்ன வைத்திருந்தான்?

சத்துவாச்சாரிக்காரன்:
ஸ்குரூடிரைவர், கையுறை. செருப்பை மட்டும் மதில் ஓரம் ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தான், என்ன மரியாதையோ!

காட்பாடி வக்கீல்:
சத்தம் வரக் கூடாது என்று யோசித்தவனுக்கு ஏது சார் போதை? பார்வை மகஜரில் (போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு) செருப்பையும் எழுதச் சொல்லுங்கள். தாழ்ப்பாளை அதுவரை மாற்றாதீர்கள்.

குடியாத்தம் தம்பி:
எங்கள் தெருவில் நிஜமாகவே ஒருத்தர் வீடு மாறிப் போனார். திண்ணையிலேயே படுத்துத் தூங்கிவிட்டார், கையுறை எல்லாம் இல்லை. அண்ணா, அன்றைக்கே அவனை ஆஸ்பத்திரியில் காட்டி, குடித்திருந்தானா என்று பார்த்தார்களா?