பொருள்: ஸ்கேன், ஃபால்ஸ் பாசிட்டிவ் – வெள்ளிக்குள் தமிழ்ச்சொல் வேண்டும்

திருநகர், திங்கள் இரவு

அன்புடையீர், வணக்கம்.

கொஞ்சம் அவசரம். சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் இரண்டாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஒருநாள் பட்டறை. நிரலை (புரோகிராமை), அதன் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஏற்றியதும் பாதுகாப்புச் சோதனை தானாக ஓடும்படி அமைப்பதுதான் பாடம். நிரலில் ஆபத்தான வரிகளைப் பிடிக்க பேண்டிட், சாவியோ (பிற சேவைகளுக்குள் நுழையும் ரகசியக் குறியீடு) கடவுச்சொல்லோ உள்ளே கிடக்கிறதா என்று துழாவ கிட்லீக்ஸ், இறக்கிப் போட்ட நூலகங்களில் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளில்) தெரிந்த ஓட்டை உண்டா என்று பார்க்க பிப்-ஆடிட். மூன்றிலும் தேறினால்தான் நிரல் உள்ளே சேரும்.

பாதிப்பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். 8 பக்கக் கையேடு எழுதிவிட்டேன். வெள்ளி காலை 10 மணிக்கு அச்சகத்தில் கொடுக்க வேண்டும். மூன்று சொற்கள் மட்டும் உதைக்கின்றன: பைப்லைன் (சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் வரிசை), ஸ்கேன், ஃபால்ஸ் பாசிட்டிவ். முதலாவதுக்குக் 'குழாய்வரிசை' என்று போட்டுப் பார்த்தேன், பிளம்பிங் பாடம் போல இருக்கிறது. நக்கீரரை இழுக்காமல் யாராவது விடை சொன்னால் புண்ணியமாகப் போகும்.

தல்லாகுளம், செவ்வாய் விடியற்காலை

அம்மா, ஸ்கேனுக்கு 'வருடல்' என்று யாராவது சொல்லும் முன் முந்திக்கொள்கிறேன். தாளை நகலெடுக்கும் பொறிக்கு 'வருடி' சரி. ஒளி தாளைத் தடவிக்கொண்டு போகிறது. களவுபோகும் சாவியைத் தேடுகிறவன் வருடுவானா? குழந்தையின் தலையைத்தான் வருடுவார்கள்.

'அலகிடுதல்' என்பது என் பரிந்துரை. ஒரு குறளை எடுத்து, அசை பிரித்து, நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று வாய்பாடு சொல்லி, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் எதில் முடிகிறது என்று பார்க்கிறோமே, அது. ஆங்கிலத்திலும் ஸ்கேன் என்பது முதலில் செய்யுளைச் சீர் பிரித்தலுக்கு வழங்கிய சொல்தான். ஏறுதல் என்று பொருள்படும் லத்தீன் வேர். பேண்டிட் நிரலை ஓட்டாமலே பகுத்து, மரம்போல் அடுக்கி, விதி மீறுகிறதா என்று பார்க்கிறது என்றான் என் பேரன். தளை தட்டுகிறதா என்று பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இன்னொன்று. அப்பர் திருவாரூர்த் தாண்டகத்தில் 'புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கு மிட்டு' என்கிறார். அங்கே அலகு துடைப்பம். விடியுமுன் கோயிலைப் பெருக்குவது. நிரல் உள்ளே சேருமுன் தானாக ஓடும் சோதனை என்கிறீர்களே, அதுவும் இதில் அடங்கிவிடுகிறது.

மேலூர், செவ்வாய் மாலை

ஐயா, அசை பிரிக்கிற ஒப்புமை சத்தியமாகப் பிரமாதம். ஆனால் டீச்சர் கையேட்டில் அதே பக்கத்தில் யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒவ்வொரு சிறு பகுதியையும் தனியாகச் சோதிப்பது) வரும். அதற்கு 'அலகுச் சோதனை' என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'முதலில் அலகுச் சோதனை ஓடும், பிறகு அலகிடல் ஓடும்' என்று எழுதினால் இரண்டும் ஒன்றென்றே பையன் நினைப்பான். போதாததற்கு, திருப்பரங்குன்றத்தில் கன்னத்தில் குத்திக்கொள்வதும் அலகு.

பைப்லைனுக்கு 'வாய்க்கால்' போதாதா? பெரியாற்றுத் தண்ணீர் எங்கள் பக்கத்துக் கண்மாய்களுக்கு அப்படித்தானே வருகிறது. குற்றம் கண்டால் நிரலை மறிக்கும் இடத்துக்கு 'மடை'. பலகையை இறக்கினால் தண்ணீர் நிற்கும்.

டீச்சர், இது சொல் பற்றியதில்லை, வேலை பற்றியது. முதல் நாளே மடையை முழுசாக அடைக்காதீர்கள். பழைய நிரலில் கிடக்கும் குற்றத்தையெல்லாம் சோதனை கக்கும். பசங்க கடுப்பாகி ஒவ்வொரு வரி ஓரத்திலும் 'நோசெக்' என்று குறிப்பெழுதி பேண்டிட் வாயை அடைத்துவிடுவார்கள். இப்போது இருக்கும் குற்றப் பட்டியலை பேஸ்லைனாக (ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படையாக) சேமித்துவிட்டு, புதிதாக வருவதை மட்டும் மறியுங்கள். கிட்லீக்ஸில் சாவி சிக்கினால் அந்த வரியை அழித்தால் போதாது, பழைய கமிட்டில் (கிட் முன்பு சேமித்த பதிவில்) அப்படியே கிடக்கும். சாவியையே மாற்ற வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

தல்லாகுளம், செவ்வாய் இரவு

மடை நல்ல சொல். மகிழ்ச்சி. ஆனால் மடைக்கு உணவு, படையல் என்றும் பொருள் உண்டு. கோயில் மடைப்பள்ளி அப்படி வந்ததே. நீர் மடையும் சோற்று மடையும் ஒரே வேரா என்று இருபது வருடமாக யோசிக்கிறேன். 'மடுத்தல்' என்றால் நிரப்புதல், உட்கொள்ளுதல். வாயில் மடுப்பதும் வயலில் மடுப்பதும் ஒன்று எனக் கொண்டால்

(மன்னிக்கவும், கை தவறி அனுப்பிவிட்டேன். மீதி நாளை.)

செல்லூர், புதன்

மீதி வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை வந்துவிடும். ஸ்கேனை ஸ்கேன் என்றே போடுங்கள். மதுரையில் ஸ்கேன் எடுக்காத குடும்பம் ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்.

நான் 27 வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். ஃபால்ஸ் பாசிட்டிவை 'பொய் நேர்மறை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நேர்மறை என்றால் நல்லது என்றுதான் சனங்களுக்குப் படும். டெங்கு பாசிட்டிவ் என்று சொன்னதும் 'அப்ப நல்லதுதானம்மா?' என்று சிரித்துக்கொண்டே கேட்ட அப்பாவைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் பொருள் என்ன, ஓர் உதாரணம் கொடுங்களேன்.

திருநகர், புதன் இரவு

கொடுக்கிறேன் அக்கா. போன மாதம் ஒரு மாணவி, உள்நுழையும் பக்கத்துக்கு 'பாஸ்வேர்டு_லேபிள்' என்று ஒரு மாறி (வேரியபிள்) வைத்தாள். அதன் மதிப்பு 'கடவுச்சொல்லை உள்ளிடவும்'. திரையில் தெரிகிற வாசகம், அவ்வளவுதான். பேண்டிட் உடனே 'கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதியிருக்கிறாய்' என்றது. மாறியின் பெயரில் பாஸ்வேர்டு, எதிரே மேற்கோள் குறிக்குள் ஏதோ எழுத்து. அதன் விதி அதோடு சரி.

பக்கத்து மேசைப் பையன் தன் தரவுத்தளத்தின் உண்மையான கடவுச்சொல்லை அப்படியே எழுதியிருந்தான். மாறிக்கு வைத்த பெயர் 'ரகசியம்', தமிழ் எழுத்திலேயே. பைத்தான் அதை ஏற்கும். பேண்டிட் ஒன்றும் சொல்லவில்லை. அது தேடும் சொற்களெல்லாம் ஆங்கிலம். முதலாவது ஃபால்ஸ் பாசிட்டிவ். இரண்டாவது ஃபால்ஸ் நெகட்டிவ். 'மேடம், நான் என்ன தப்பு செஞ்சேன்?' என்று அந்தப் பெண் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

செல்லூர், புதன் இரவு

அப்படியானால் அது வீண்பழி. அவ்வளவுதான். இதற்கு அகராதி எதற்கு?

தல்லாகுளம், வியாழன் விடியற்காலை

அம்மா, இந்த ஊரிலிருந்துகொண்டு இதற்குச் சொல் தேடுகிறோமே. கோவலனுக்கு நடந்தது இதுதான். கொலைக்களக் காதையில் 'சினையலர் வேம்பன் தேரா னாகி' என்கிறார் இளங்கோ. வழக்குரை காதையில் கண்ணகி 'தேரா மன்னா' என்றே தொடங்குகிறாள். ஆராயாமல் சுமத்திய பழி, ஆகவே 'தேராப்பழி'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். சொல்லிலேயே காரணமும் இருக்கிறது.

மேலூர், வியாழன் காலை

ஐயா, ஒரு சந்தேகம். அங்கே பொற்கொல்லன் வேண்டுமென்றே பொய் சொன்னான். கருவி பொய் சொல்லாதே?

தல்லாகுளம், வியாழன் காலை

நல்ல கேள்வி தம்பி. பொற்கொல்லனை விடுங்கள், ஆணையைப் பாருங்கள். 'கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு.' அந்த 'ஆகில்' என்ன? நீங்கள் நிரலில் எழுதும் 'இஃப்' அல்லவா? சிலம்பு கையில் இருந்தால் கொல். கோவலன் கையில் சிலம்பு இருந்தது. விதி பொருந்திவிட்டது. உள்ளே முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கும் வரி அந்த விதியில் இல்லை. பாஸ்வேர்டு என்று பெயர் இருந்தால் குற்றம் என்பதும் அதே ஆணைதான்.

செல்லூர், வியாழன் காலை

ஐயா, கண் கலங்குகிறது. ஆனாலும் 'தேராப்பழி' என்றால் தேர் இல்லாத பழி என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். நமக்கு இங்கே மாசி வீதித் தேர்தான் முதலில் ஞாபகம் வரும்.

வாடிப்பட்டி, வியாழன் மதியம்

முதன்முறை எழுதுகிறேன். பழி என்பதே தேவையா? நிரல் மனிதனா? 'பொய்யெச்சரிக்கை' என்று சாதுவாகப் போடலாமே.

திருநகர், வியாழன் இரவு

வாடிப்பட்டியார் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் எச்சரிக்கை கருவியின் பக்கம் நின்று பேசுகிற சொல். என் வகுப்பில் அந்தப் பெண் நின்ற பக்கம் வேறு. அதனால் இப்படி முடிக்கிறேன்: பைப்லைனுக்கு வாய்க்கால், மறிக்கும் இடத்துக்கு மடை, ஸ்கேன் ஸ்கேனாகவே, ஃபால்ஸ் பாசிட்டிவுக்கு வீண்பழி. சிலம்புக் கதையை 6ஆம் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் போடுகிறேன், ஐயாவுக்காக. ஃபால்ஸ் நெகட்டிவுக்கு ஒன்றும் சிக்கவில்லை, 'தப்பியது' என்று எழுதிவிட்டேன்.

தல்லாகுளம், வெள்ளி காலை 8.40

அலகிடுதலைக் கைவிட்டது எனக்கு உடன்பாடில்லை. அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அலகுச் சோதனையின் பெயரைத்தான் மாற்றியிருக்க வேண்டும். ஃபால்ஸ் நெகட்டிவுக்குத் 'தப்பியது' வினைமுற்றுப்போல் நிற்கிறது, 'தப்பல்' என்றாவது ஆக்குங்கள்.

வீண்பழி இருக்கட்டும். அச்சுக்கோப்பவர் 'வீண்ப்பழி' என்று ஒற்றுப் போட்டுவிடப் போகிறார். 10 மணிக்கு முன் அச்சகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள் அம்மா.