மாட்டுத்தாவணியா, எம்.ஜி.ஆர். பேருந்து நிலையமா? பொதுக் கட்டடங்களுக்குத் தலைவர் பேர் வேணுமா?

தெற்குவாசல்
மதுரையில் இனிமேல் கட்டுற எந்தப் பொதுக் கட்டடத்துக்கும் அரசியல் தலைவர் பேர் வேண்டாம், அந்த இடத்துப் பேரே போதும். இதுதான் என் வாதம். யார் மேலும் கோபமில்லை. பிரச்சினை உபயோகத்தில்.

மாட்டுத்தாவணியையே எடுத்துக்குங்க. தாவணின்னா மாட்டுச் சந்தை. 1999ல் பேருந்து நிலையம் திறந்தப்பவே ஊர் அந்தப் பேரைத்தான் சொன்னது. பின்னாடி முகப்பில் எம்.ஜி.ஆர். பேர் ஏறியது. கண்டக்டர் இன்னைக்கும் "மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி"ன்னுதான் கூவுறார். 2018ல் சென்னைக் கோயம்பேட்டுக்கும் எம்.ஜி.ஆர். பேர். 2023 டிசம்பரில் தென்மாவட்ட பஸ்ஸுக்காகத் திறந்த கிளாம்பாக்கத்துக்குக் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம்னு பேர். அரசுக் கணக்குப்படி நாம கலைஞர்ல ஏறி எம்.ஜி.ஆர்ல இறங்குறோம். இதைச் சொல்லி யாராவது ஆட்டோ பிடிச்சுப் பாருங்க.

வைகை வடகரை
"இடத்துப் பேர்"னு ஒண்ணு வானத்திலிருந்து விழுந்த மாதிரி பேசுறீங்க. ஏ.வி. பாலம் யார் பேர்? ஆல்பர்ட் விக்டர் இளவரசர், 1889. விளக்குத்தூண் எதுக்காக நிக்குது? கோட்டைச் சுவரை இடிக்க ஏற்பாடு பண்ணின கலெக்டர் பிளாக்பர்ன் நினைவா. பெரியாஸ்பத்திரிக்கு முன்னாடி எர்ஸ்கின் பேர் இருந்தது, அவர் 1934 முதல் 1940 வரை சென்னை மாகாண ஆளுநர். அப்பவும் அதிகாரத்தில் இருந்தவங்க பேரைத்தான் வச்சாங்க. வெள்ளைக்காரன் பேர் இருந்த வரைக்கும் யாருக்கும் உறுத்தலை, நம்ம ஆள் பேர் வந்ததும் உபயோகம் கெட்டுப்போச்சா?

எர்ஸ்கின் ஆளுநரா இருந்தப்ப 1937 முதல் 1939 வரை பிரதமர் பதவியில் (மாகாண முதல்வருக்கு அன்னைக்கு அதுதான் பேர்) இருந்தவர் ராஜாஜி. அந்த ஆளுநர் பேரை எடுத்துட்டு அவர் கீழ் ஆட்சி நடத்தினவர் பேரை அதே ஆஸ்பத்திரிக்கு வச்சோம். இது வெறும் போர்டு மாத்துற வேலைன்னு எனக்குத் தோணலை.

ஒத்தக்கடையான்
வடகரை அண்ணே, அந்த ஆஸ்பத்திரிய எந்த நோயாளி ராஜாஜின்னு சொல்றாய்ங்க? எர்ஸ்கின்னும் சொல்லல, ராஜாஜின்னும் சொல்லல. பெரியாஸ்பத்திரி, அம்புட்டுத்தான். பிளாக்பர்ன் கதையும் அதேதேன். தூணு நிக்குது, ஆளு பேரு எவனுக்கும் தெரியாது.

கோட்டைமேடு
ஒத்தக்கடையான் சொல்றதுக்கு எதிர்ச் சான்று பக்கத்திலேயே இருக்கு. பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி. கோட்டை இடிப்பு வேலையை மேற்பார்த்த ரெண்டு பேர். கலெக்டர் பேர் மறைஞ்சது, வேலை பார்த்தவங்க பேர் தெருவா நிக்குது. ஆள் பேர் ஒட்டாதுன்னு பொதுவாச் சொல்ல முடியாது. எங்கே ஒட்டும்னு பார்க்கணும்.

மதுரையைச் சுத்திப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியுது. ஏற்கனவே புழங்கின பேருக்கு மேல போட்டது ஒட்டலை: மாட்டுத்தாவணி. புதுசா உருவானதுக்கு முதல் பேரா வச்சது ஒட்டிக்கிச்சு: அண்ணா நகர். அண்ணா பஸ் ஸ்டாண்டைப் பாருங்க. 1999ல் அங்கிருந்த வெளியூர் பஸ் எல்லாம் மாட்டுத்தாவணிக்குப் போன பிறகும் நிறுத்தத்துக்கு அந்தப் பேர்தான். கே.கே. நகரும் ஒட்டிக்கிச்சு, ஆனா அது கலைஞர் கருணாநிதி நகர்னு அங்கே குடியிருக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்? பேர் முதலெழுத்தாச் சுருங்கினா ஆள் காணாமப் போயிடுறார். தலைவருக்குக் கௌரவம்னு வைக்கிறவங்க இதை யோசிக்கணும்.

பல்கலைக்கழகம் நடுவில் நிக்கிற கேஸ். 1966ல் மதுரைப் பல்கலைக்கழகம், 1978ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். பழைய பேரை அழிக்கலை, ஊர்ப் பேர் முன்னாடி, தலைவர் பேர் பின்னாடி. அதனால் ரெண்டும் தங்கிச்சு.

தெற்குவாசல்
பெரியார் பஸ் ஸ்டாண்ட் பேரும் நல்லா ஒட்டினதுதான், மறுக்கலை. ஆனா ஆங்கிலப் பலகையில் பெரியாருக்கும் முல்லைப் பெரியாறுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். கம்பம், தேனிப் பக்கம் போற வடநாட்டுப் பயணி அணைக்குப் போற பஸ் இங்கேதான் நிக்கும்னு நினைச்சா அவரைக் குத்தம் சொல்ல முடியாது. தேனி பஸ் ஆரப்பாளையத்தில். இடத்துப் பேரில் இந்த வில்லங்கம் வராது.

ஒத்தக்கடையான்
வராதா? கீழக்கரைல ஏறுதழுவுதல் அரங்கம்னா பாதிப் பேரு ராமநாதபுரம் கீழக்கரைக்கு வண்டிய விட்டுருவாய்ங்க. இது அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரை. 2024 ஜனவரி 24ல தெறந்தாய்ங்க. "கலைஞர் நூற்றாண்டு"ன்னு முன்னாடி இருக்கதாலதேன் மேப்புல சரியா வருது. நான் உங்க பக்கந்தேன் அண்ணே, ஆனா இது ஒண்ணு இடிக்குது.

வைகை வடகரை
நன்றி ஒத்தக்கடை. அதே கோளாறு மாட்டுத்தாவணியிலும் இருக்கு. அந்தப் பேர் இப்ப ஒரு வட்டாரத்துக்கே. அரசு பஸ் நிலையம், ஆம்னி பஸ் நிலையம், பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட் எல்லாமே மாட்டுத்தாவணி. முன்பதிவுச் செயலியில் ஏறுமிடம் "மாட்டுத்தாவணி"ன்னு மட்டும் இருந்தா, ஆம்னி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தவர் அரசு பஸ் நிலையத்துக்குள்ள நடைமேடை தேடுவார். பஸ் ஆம்னி நிலையத்திலிருந்து கிளம்பிப் போயிருக்கும். "எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம்"னா ஒரே கட்டடம். உபயோகம்னு ஆரம்பிச்சது நீங்கதான்.

அப்புறம், எம்.ஜி.ஆருக்கும் மதுரைக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி யாரும் ஆரம்பிக்க வேண்டாம். 1980ல் அவர் ஜெயிச்ச தொகுதி மதுரை மேற்கு. 1981ல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்ததும் இங்கேதான்.

பத்திரக்கட்டு
கட்டடத்துக்குப் பேர் வைக்கிறதும் தெருப் பேரை மாத்துறதும் வேற வேற. இங்கே ரெண்டையும் குழப்புறீங்க.

கட்டடம்னா வேலை சின்னது. மாநகராட்சிச் சொத்தா இருந்தா மன்றப் பொருளா வச்சுத் தீர்மானம், தேவைப்பட்டா அரசுக்கு அனுப்பி அரசாணை. முகப்பு எழுத்து, கல்வெட்டு, வழிகாட்டிப் பலகை, பஸ் தடப் பலகை, டிக்கெட் மெஷின்ல ஸ்டேஜ் பேர். கடைசி ரெண்டும் போக்குவரத்துக் கழகத்தோட கையில். தீர்மானம் போட்டவங்க அங்கே கடிதம் அனுப்ப மறந்தா முகப்பில் ஒரு பேரும் டிக்கெட்டில் ஒரு பேருமா வருஷக்கணக்கில் ஓடும்.

தெருன்னா ஜனங்க தலையில் விழுது. பட்டாவுக்கு ஆபத்தில்லை, அது வார்டு, பிளாக், நகர சர்வே எண்ணில் நிக்குது. வீட்டு வரி விதிப்பு எண், மின் இணைப்பு எண்ணும் மாறாது. மாட்டிக்கிற இடம் பதிவுத்துறை. வழிகாட்டி மதிப்பு (பத்திரச் செலவைக் கணக்கிட அரசு வைக்கிற நில மதிப்பு) தெருப் பேர் வாரியாவும் போட்டிருக்கும். புதுப் பேர் அந்தப் பட்டியலில் ஏறாத வரைக்கும் கிரையப் பத்திரத்தில் பழைய பேரை எழுதி, அடைப்புக்குறிக்குள்ள புதுப் பேரைப் போடணும். புதுசை மட்டும் எழுதினா மதிப்பு எடுக்க முடியாமப் பத்திரம் நிலுவையில் போகும். பத்து வருஷம் கழிச்சு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறவர் ரெண்டு பேரிலும் தேடணும், ஒண்ணை விட்டா அடமானம் கண்ணில் படாது. தெருவில் கடை வச்சிருக்கிறவங்க ஜி.எஸ்.டி. பதிவில் முகவரி மாற்றத்தை 15 நாளுக்குள்ள தெரிவிக்கணும், படிவம் ஆர்.இ.ஜி. 14. ஆதார், வாக்காளர் பட்டியல், வங்கி இதெல்லாம் அப்புறம்.

அதனால் கட்டடத்துக்கு யார் பேர் வேணும்னாலும் வைங்க. தெருவைத் தொடாதீங்க.

வைகை வடகரை
தெருவைத் தொடாமல் எப்படி? 2025 அக்டோபரில் ஊர், தெருப் பேர்களில் இருக்கிற சாதிப் பேர்களை எடுக்க அரசாணை வந்தது. அதை எடுத்தா அந்த இடத்தில் ஏதோ ஒரு பேர் வைக்கத்தானே வேணும்?

கோட்டைமேடு
அதே மாதம்தான் கோவையில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறந்தாங்க. மாநிலமே சிரிச்சது. ஆள் பேரை வச்சா சாதியும் கூடவே வரும், இல்லைன்னா ஊர் அதைத் தேடிப்போய் ஒட்டும்.

தென்மாவட்டத்துக்கு இது விளையாட்டு விஷயம் இல்லை. 1997ல் விருதுநகரைத் தலைமையிடமா வச்ச புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் (கட்டபொம்மனோட தளபதி) பேர் வச்சப்ப என்ன நடந்ததுன்னு இங்கே இருக்கிற மூத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பேர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம்னு ஒரு தரப்பு, ஏறித்தான் ஆகணும்னு ஒரு தரப்பு, கல்வீச்சு, உயிர்ச்சேதம். அந்த வருஷமே கருணாநிதி அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகத்திலிருந்தும் எல்லா மாவட்டத்திலிருந்தும் தலைவர் பேரை மொத்தமா எடுத்துடுச்சு. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் சிவகங்கை ஆச்சு, காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆச்சு. யார் மேலும் வழக்கில்லாத நம்ம பாண்டியன் போக்குவரத்துக் கழகம்கூடத் தப்பலை.

ஒருத்தர் பேரை மட்டும் எடுத்திருந்தா பத்தியிருக்கும். எல்லாத்தையும் ஒரே நாளில் எடுத்ததால்தான் அடங்குச்சு. மதுரை விமான நிலையத்துக்குப் பேர் கேட்டு நடக்கிற இழுபறியும் அதே வகைதான். அதுக்குச் சட்டமன்றத் தீர்மானம், பிறகு மத்திய அமைச்சரவை ஒப்புதல்னு பாதை நீளம். அந்த நீளம் ஒரு வகையில் நல்லதுக்குத்தான்.

தெற்குவாசல்
கோட்டைமேடு அய்யா சொன்னதுக்குப் பிறகு நான் தனியாச் சொல்ல ஒண்ணும் இல்லை. 1997ல் பஸ்ஸுக்கும் மாவட்டத்துக்கும் சரியா இருந்தது, பஸ் நிலையத்துக்கும் நூலகத்துக்கும் ஏன் சரியில்லை?

சரி, முழுசா நிறுத்த முடியாதுன்னா ஒரு விதி வைப்போம். இறந்து 10 வருஷம் ஆகாத தலைவர் பேரைப் பொதுக் கட்டடத்துக்கு வைக்கக் கூடாது. ஆட்சி சூடு ஆறட்டும்.

வைகை வடகரை
விதி போடுறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா? காமராஜர் காலமானது 1975 அக்டோபர், பல்கலைக்கழகத்துக்குப் பேர் வச்சது 1978. உங்க விதிப்படி அது தள்ளுபடி. எம்.ஜி.ஆர். காலமானது 1987, உங்களுக்குப் பிடிக்காத மாட்டுத்தாவணிப் பலகை தாராளமா பாஸ். நீங்க தடுக்க நினைச்சதில் தப்பாம மாட்டுறது மதுரை கலைஞர் நூலகம் மாதிரி கலைஞர் பேர் வச்சதுங்க மட்டும். அவர் 2018ல் காலமானார், நூலகத்தை 2023ல் திறந்தாங்க. விதி மாதிரி இருக்கு, ஆனா அதில் ஒரே தலைவர் பேரைத்தான் அடிக்குது.

தெற்குவாசல்
கணக்கு சரி. விதியைத் திரும்ப வாங்கிக்கிறேன். ஆனா புது நத்தம் சாலையில் அந்த நூலகத்தைத் திறந்த தேதி ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள். பள்ளிக்கூடம் திறந்தவர் பிறந்தநாளில் திறந்து வேறொருத்தர் பேரை வச்சாங்க. ரெண்டு கட்சிக்காரரும் இதில் பெருமைப்பட ஏதோ இருக்குன்னு வச்சுக்கலாம்.

ஒத்தக்கடையான்
அதுக்கு முன்னாடி அந்த எடத்துல முல்லைப் பெரியாறு அணை கட்டுன பென்னிகுவிக் வீடு இருந்துச்சுன்னு 2021ல ஒரு சண்ட ஓடுச்சே. அவரு 1911ல எறந்துட்டாரு, கட்டடம் 1912க்கு மேலதேன் கட்டுனதுன்னு அரசாங்கம் சொல்லுச்சு. பேருக்குச் சண்ட போடுறதுக்கு முன்னாடி தேதியப் பாக்கணும்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.

பத்திரக்கட்டு
யார் பேர்ங்கிறதை விட்டுட்டு பலகையில் எந்த வரிசையில்னு பேசினா வேலை நடக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வர்ற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவர் முதல் வரியைத்தான் படிப்பார். அங்கே "பாரத ரத்னா புரட்சித் தலைவர் டாக்டர்"னு ஆரம்பிச்சா ஊர்ப் பேர் வர்றதுக்குள்ள பஸ் தாண்டிடும். அகலம் மாறாம எழுத்தைக் கூட்டினா உயரம் குறையும், இதுக்குப் பொறியாளர் வேண்டாம், பெயின்டரைக் கேட்டாலே சொல்வார். சென்னை சென்ட்ரலுக்கு 2019ல் அவ்வளவு நீளப் பேர் வச்சும் ரயில்வே குறியீடு எம்.ஏ.எஸ். அப்படியே இருக்கு, அதனால் முன்பதிவு குழம்பலை. பஸ்ஸுக்கு அப்படி ஜனங்க அறிஞ்ச குறியீடு கிடையாது. இடத்துப் பேர்தான் குறியீடு.

இதுக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு மனு கொடுக்கிறதா இருந்தா இப்படி இருக்கலாம்: முதல் வரி "மாட்டுத்தாவணி", இரண்டாம் வரி "எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம்", பட்டம் எதுவும் இல்லாம. ஆம்னி நிலையத்துக்கு "மாட்டுத்தாவணி" கீழே "ஆம்னி பேருந்து நிலையம்". தடப் பலகையில் முதல் வரி மட்டும். ஆங்கிலத்தில் இப்ப புழங்குற எழுத்துக்கூட்டலே இருக்கட்டும். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பேர்களோட ஆங்கில எழுத்தை மாத்தி அரசாணை போட்டு, சில நாளில் திரும்ப வாங்கினதை மறக்க வேண்டாம்.

தெற்குவாசல்
இதுக்கு நான் கையெழுத்துப் போடுவேன். இரண்டாம் வரி எழுத்து முதல் வரியில் பாதி உயரம்னு சேர்த்துக்குங்க.

வைகை வடகரை
பாதின்னா அது அடிக்குறிப்பு மாதிரி இருக்கும். முக்கால்னா சொல்லுங்க, நானும் போடுறேன்.