அமெரிக்காவில் பயோகெமிஸ்ட்ரி–மாலிக்யூலர் பயாலஜி மேஜர்: முதல் செமஸ்டரில் 19 கிரெடிட் எடுக்கலாமா?

மதுரைமல்லி (கேள்வி):

வணக்கம். ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறேன், எஃப்-1 விசா. பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள மதிப்பு அலகு). முதல் செமஸ்டருக்குப் போட்டு வைத்திருப்பது: ஜெனரல் கெமிஸ்ட்ரி 1 லேபுடன் (4), பயாலஜி 1 லேபுடன் (4), பிசிக்ஸ் 1 லேபுடன் (4), கால்குலஸ் 1 (4), ஆங்கிலக் கட்டுரை (3). கூட்டினால் 19. 18-ஐத் தாண்டினால் தனி அனுமதி வேண்டும் என்கிறார் அட்வைசர். பிளஸ் டூவில் பாதி படித்ததுதானே, சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி 1 முடிந்ததும், 2-ஐத் தள்ளிவைத்துவிட்டு பயோகெமிஸ்ட்ரிக்குப் போகலாமா? ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரியைக் கடைசி வருஷத்துக்கு வைக்கலாமா? பிறகு பிஎச்டி படிக்கும் எண்ணம். அண்ணன்மார், அக்காமார் வழி சொல்லுங்கள்.

தென்பொதிகை:

19 வேண்டாம் தங்கச்சி. பிசிக்ஸை எடுத்துவிடு, 15 ஆகிவிடும். 120-ஐ எட்டு செமஸ்டருக்குப் பங்கிட்டாலும் அதே 15தான். மூன்று லேப் ஒன்றாக வருவதுதான் உன் பட்டியலில் ஆபத்து. கணக்கில் லேபுக்கு 1 கிரெடிட். ஆனால் வாரம் மூன்று மணி நேரம் நின்றபடி வேலை, அதற்கு முன் தயாரிப்பு, முடிந்ததும் ரிப்போர்ட். ஒரு தியரிப் பாடத்துக்கான நேரத்தை அது அப்படியே விழுங்கும். செமஸ்டருக்கு இரண்டு லேப் போதும்.

திட்டத்தை எட்டாவது செமஸ்டரிலிருந்து பின்னோக்கிப் போடு. ஜெனரல் 1, 2, ஆர்கானிக் 1, 2, பயோகெமிஸ்ட்ரி 1, 2. முந்தையதை முடிக்காமல் அடுத்ததில் பெரும்பாலும் உட்கார முடியாது, ஆக இதற்கே ஆறு செமஸ்டர். பயோகெமிஸ்ட்ரி 1 பல இடங்களில் ஃபால் (ஆகஸ்டில் தொடங்கும்) செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும். ஆர்கானிக் 2-இல் சி கிரேடுக்குக் கீழே இறங்கிவிட்டால் அப்படிப்பட்ட கல்லூரியில் ஒரு முழு வருஷம் காத்திருக்க நேரும்.

ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரிக்கு வேறொரு வரிசை: கால்குலஸ் 2, பிசிக்ஸ் 2 இரண்டும் முடிந்திருக்க வேண்டும். சில துறைகள் கால்குலஸ் 3-உம் கேட்கும். அதனால் கால்குலஸை முதல் வருஷமே தொடங்கு, பிசிக்ஸை இரண்டாம் வருஷம் ஆர்கானிக்கோடு வை. ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி ஏழாவது செமஸ்டரில் வரலாம். எட்டாவதில் வைத்தால் தவறினால் திருத்த இடமில்லை. உயிரியல் மாணவர்களுக்கென்று ஒரு செமஸ்டர் ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி நடத்தும் துறைகளும் உண்டு. உங்கள் மேஜருக்கு அது செல்லுமென்றால் அதையே எடு.

பெயரைப் பார்த்து ஏமாறாதே. நர்சிங், நியூட்ரிஷன் மாணவர்களுக்கான ஒரு செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரியும் பட்டியலில் இருக்கும். பெரும்பாலும் மேஜர் கணக்கில் அது சேராது. கால்குலஸ் இல்லாத பிசிக்ஸும் அப்படித்தான், சில துறைகள் ஏற்காது. பாட எண்ணை டிகிரி ஆடிட்டில் (பட்டத்துக்கு எந்தப் பாடம் கணக்கில் சேரும் என்று காட்டும் பட்டியல்) ஒப்பிட்டுவிட்டு ரெஜிஸ்டர் செய்.

ஷிஃப்பேஸ்:

ஆர்கானிக் 2 பற்றி மட்டும் சொல்கிறேன். 1 முடிந்தாலே பயோகெமிஸ்ட்ரியில் சேர விடும் கல்லூரிகள் உண்டு. விட்டாலும் போகாதீர்கள். ஆர்கானிக் 1-இல் ஸ்டீரியோகெமிஸ்ட்ரி, எஸ்என்1, எஸ்என்2, எலிமினேஷன் வினைகள் என்று போய்விடும். கார்போனைல் (கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு) வினைகள் பெரும்பாலும் 2-இல்தான் வரும், வளர்சிதை மாற்றம் முழுக்க நிற்பது அவற்றின் மேல்.

செல் குளுக்கோஸைப் படிப்படியாக உடைக்கும் கிளைகாலிசிஸில் ஆல்டோலேஸ் என்ற என்சைமை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரக்டோஸ் 1,6-பிஸ்பாஸ்பேட்டின் இரண்டாவது கார்பனில் உள்ள கீட்டோனோடு என்சைமின் லைசின் என்ற அமினோ அமிலம் சேர்ந்து ஷிஃப் பேஸ் (கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு) ஆகிறது. நேர்மின்னூட்டம் ஏறிய அந்த நைட்ரஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால்தான் 3, 4 கார்பன்களுக்கு நடுவே உள்ள பிணைப்பு அறுந்து, ஆறு கார்பன் சர்க்கரை மூன்று மூன்றாகப் பிரிகிறது. ஆல்டால் வினையே பின்னோக்கி நடக்கிறது, அவ்வளவுதான். கொழுப்பு அமிலத் தொகுப்பில் வருவது கிளெய்சன் வினை, அதுவும் கார்போனைல் வினைதான். இது தெரியாதவர் கிளைகாலிசிஸின் பத்துப் படிகளையும் உருப்போட்டுக்கொண்டு வருவார்; ‘அந்த லைசினை அலனினாக மாற்றினால் எந்தப் படி நிற்கும், ஏன்?’ என்று தேர்வில் கேட்டால் எழுத ஒன்றும் இருக்காது.

கோடைகால ஆர்கானிக்கும் வேண்டாம். இரண்டு செமஸ்டர் பாடத்தைப் பத்து வாரத்தில் அடைத்தால், முதல் தேர்வில் தடுமாறியவர் இரண்டாவதற்குள் எழுந்திருக்க நேரமே கிடைக்காது.

ஜெனரல் கெமிஸ்ட்ரி 2-இல் பஃபர் (பிஹெச் எளிதில் மாறாமல் தாங்கும் கரைசல்) பாடத்தை அலட்சியமாக விடாதீர்கள். ட்ரிஸ் பஃபரை 25 டிகிரியில் பிஹெச் 8.0 என்று சரிசெய்து, 4 டிகிரி குளிர் அறைக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ 8.6 ஆகிவிடும். அதன் பிகேஏ (எந்த பிஹெச் அருகே பஃபர் வேலை செய்யும் என்று காட்டும் எண்) வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 0.03 உயர்கிறது. எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறோமோ அங்கேயே பிஹெச் பார்க்க வேண்டும். பார்க்காமல் போனால் புரோட்டீன் பிரிப்பு நினைத்தபடி நடக்காது, காரணமும் பிடிபடாது.

ஈரப்பலகை:

தென்பொதிகை சொன்ன 15-ஐ நான் 16 ஆக்குவேன். காரணம் விசா. எஃப்-1 இளநிலை மாணவர் ஃபால், ஸ்பிரிங் இரண்டிலும் குறைந்தது 12 கிரெடிட் வைத்திருக்க வேண்டும். இந்த வருஷம் உங்கள் பாடங்களில் பெரும்பாலானவை 4 கிரெடிட். 15-இல் ஒன்றைப் பாதியில் விட்டால் 11, விசா நிலைக்கே பாதகம். 16 என்றால் 12-இல் நிற்பீர்கள். புதியவர்களுக்கான 1 கிரெடிட் வகுப்பு ஏதாவது இருக்கும், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதைக் கைவிடுவதானாலும் முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி, பிறகுதான் ட்ராப். ஆன்லைன் வகுப்பில் 3 கிரெடிட் மட்டுமே அந்த 12-இல் சேரும்.

பிஎச்டி எண்ணம் இருந்தால் லேப் ஆராய்ச்சி அனுபவம்தான் விண்ணப்பத்தில் பேசும். கோடைகால ஆராய்ச்சித் திட்டங்களில் என்எஸ்எஃப் (அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை) பணத்தில் நடக்கும் ஆர்இயூ (இளநிலை மாணவர்களுக்கான ஆராய்ச்சித் திட்டம்) அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். ஆகவே உங்கள் வளாகத்துப் பேராசிரியர்களையே நம்புங்கள். மூன்றாவது செமஸ்டரில் எழுதத் தொடங்கலாம்: அவருடைய இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு ஐந்தாறு வரி மின்னஞ்சல், கூடவே உங்கள் டைம்டேபிள். அந்த டைம்டேபிளில் நான்கு மணி நேரம் தொடர்ச்சியாகக் காலியுள்ள இரண்டு மதியங்கள் இருக்க வேண்டும். பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) போட்டு, 30 சுழற்சி முடிந்து, அந்த டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டிப் படம் எடுக்க அரை நாள் ஆகும். ஒரு மணி நேர இடைவெளி ஐந்து இருந்தாலும் அதற்கு உதவாது.

மதுரைமல்லி:

மிக்க நன்றி. பிசிக்ஸை நீக்கி 1 கிரெடிட் வகுப்பு சேர்த்துவிட்டேன், 16. பிளஸ் டூவிலேயே டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன் முடித்ததால் நேராகக் கால்குலஸ் 2-க்குப் போகலாமா?

தென்பொதிகை:

பிளேஸ்மென்ட் தேர்வு எழுதிப் பார். தேறினால் கணிதத் துறையிடம் ஒன்று கேட்டுக்கொள்: கால்குலஸ் 1-க்கு 4 கிரெடிட் தருகிறார்களா, விலக்கு மட்டுமா? விலக்கு மட்டும் என்றால் அந்த 4-ஐ வேறு பாடத்தால் நிரப்பினால்தான் 120 வரும். அந்த இடத்தில் புள்ளியியலை வை. மூன்று குழாயில் அளந்த என்சைம் வேகம் 41, 44, 52 என்று வந்தால் சராசரியோடு எந்தப் பிழைக்கோட்டைப் போடுவது என்று ஆர்கானிக்கும் கால்குலஸும் சொல்லித் தராது.